கை ஓங்குவது, கை வைப்பது, அடிப்பது: தொடுதல் எப்போது குற்றமாகிறது?

"கை ஓங்கினான்", "மேலே கை வைத்தான்", "அடித்துவிட்டான்". இந்த மூன்றும் ஒன்றல்ல என்பது தமிழ் பேசும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டத்திலும் ஏறக்குறைய இதே மூன்று படிகள்தான் இருக்கின்றன. ஆனால் நமக்கே ஒன்று நடந்து, புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது மட்டும் மூன்றாவது படியைத் தவிர மற்றதெல்லாம் மறந்துபோகிறது. காயம் இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, ரத்தம் வந்ததா என்று கேட்பார்கள், இல்லை என்றால் "அப்போ விடு" என்பார்கள். கேட்பவர்கள் மட்டுமில்லை, பாதிக்கப்பட்டவரே தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

என் தோழி ஒருத்திக்கு வேலை செய்யும் இடத்தில் இது நடந்தது. ஒரு வாக்குவாதத்துக்கு நடுவில் அவள் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். மேலதிகாரி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ போக முடியாது" என்றார். அரை நிமிடம் இருக்கலாம். விடுங்கள் என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் விட்டார். மணிக்கட்டில் ஒரு தடம்கூட இல்லை. அவள் என்னிடம் வந்து முதலில் சொன்னதே "அவர் அடிக்கவெல்லாம் இல்லை" என்பதுதான், ஏதோ அவருக்காக இவள் வாதாடுவது போல. அவளோடு உட்கார்ந்து புகார் எழுதியபோதுதான் இதையெல்லாம் ஒழுங்காகப் படித்தேன். இன்னொருவர் அந்த இடத்தில் நிற்கும்போது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். 1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில், பலத்தைப் பிரயோகிப்பதையும் கை ஓங்குவதையும் வரையறுக்கும் 349, 350, 351 என்று மூன்று பிரிவுகள் அடுத்தடுத்து இருந்தன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றைக்கும் அதே எண்கள்தான். இலங்கையின் 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண் வேறு, உள்ளடக்கம் ஒன்றுதான். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு அவை 128, 129, 130 ஆகிவிட்டன. ஆகவே தமிழ் படிக்கிற பெரும்பாலானவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் கீழே சொல்கிற அடிப்படை பொருந்தும். தண்டனையும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு மாறும், அதை உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 'அசால்ட்' என்றால் நம்மில் பலர் அடிதடி என்று நினைக்கிறோம் (பேச்சு வழக்கில் "அசால்ட்டா செஞ்சான்" என்றால் அலட்சியமாகச் செய்தான் என்று அர்த்தம், அது வேறு கதை). இந்தச் சட்டங்களில் அசால்ட் என்பது கை ஓங்குவது, அதாவது இதோ என் மேல் கை விழப்போகிறது என்று எதிரில் இருப்பவரை அஞ்ச வைப்பது. தொடவே வேண்டாம். தொட்டுவிட்டால் அதற்குப் பெயர் வேறு. வழக்கறிஞர்கள் கிரிமினல் ஃபோர்ஸ் என்பார்கள், இங்கிலாந்து வழக்கத்தில் பேட்டரி. வலியோ காயமோ உண்டாக்கினால் அது மூன்றாவது படி. கனடாவில் இந்தப் பிரிப்பு இல்லை, அங்கே சம்மதமில்லாமல் வேண்டுமென்றே ஒருவர் மேல் பலத்தைப் பிரயோகித்தாலே அது அசால்ட்தான். அன்றாடப் பேச்சிலும் செய்தியிலும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், அதில் தப்பில்லை. எழுதும்போது மட்டும் எந்தப் படி என்று தெரிந்து எழுத வேண்டும்.

சரி, உங்களுக்கு நடந்ததை எப்படிப் பார்ப்பது? நான்கு கேள்விகள் போதும்.

எது எதைத் தொட்டது?

தோலும் தோலும் பட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உடம்பின் எந்தப் பகுதியாக இருந்தாலும் சரி, உடுத்தியிருப்பது, கையில் வைத்திருப்பது எதைத் தொட்டாலும் கணக்குதான் என்று 349-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. துப்பட்டாவைப் பிடித்து இழுப்பதும், தோளில் மாட்டியிருக்கும் பையைப் பற்றி நிறுத்துவதும், கையில் இருக்கும் போனைத் தட்டிவிடுவதும் இதில் வரும். கையால்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. 350-ஆம் பிரிவின் கீழே சில உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள், படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒருவர் உட்கார்ந்திருக்கும் படகின் கயிற்றை அவிழ்த்துவிடுவது, பல்லக்கின் கழியைப் பிடித்து நிறுத்துவது, தெருவில் வேண்டுமென்றே இடிப்பது, தண்ணீரில் கல் எறிந்து அந்தத் தண்ணீரை ஒருவர் உடையில் தெறிக்க வைப்பது, ஒரு பெண்ணின் முகத்திரையைத் தூக்குவது, நாயை ஏவிவிடுவது. இதில் எதிலுமே ஒருவர் இன்னொருவரை அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1967-ல் தீர்த்த ஒரு வழக்கை நான் மறக்கவே மாட்டேன். கறுப்பினக் கணிதவியலாளர் ஒருவர் ஓட்டல் ஒன்றில் மதிய உணவுக்கு வரிசையில் நிற்கிறார். அங்கே வேலை செய்பவர் வந்து, கறுப்பினத்தவருக்கு இங்கே சாப்பாடு கிடையாது என்று கத்தி, அவர் கையில் இருந்த தட்டைப் பிடுங்குகிறார். உடம்பில் விரல்கூடப் படவில்லை, வலியும் இல்லை. ஆனாலும் கையில் பிடித்திருக்கும் தட்டு உடம்போடு சேர்ந்ததுதான், அதைப் பிடுங்கியது அவருடைய உடல் மீதான அத்துமீறல்தான் என்று நீதிமன்றம் சொல்லி நஷ்டஈடு வழங்கியது. அது கிரிமினல் வழக்கு அல்ல, நஷ்டஈட்டு வழக்கு. ஆனால் எந்தச் செயலை அத்துமீறல் என்பது என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உடை மேல் தொட்டால் பரவாயில்லை என்ற நினைப்பு நீதிமன்றங்களுக்குள்ளேயும் வந்து போயிருக்கிறது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, தோலோடு தோல் படாததால் அது போக்சோ எனப்படும் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்று ஒரு சிறுமியின் வழக்கில் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அங்கே முக்கியம் பாலியல் நோக்கம்தானே தவிர, நடுவில் துணி இருந்ததா இல்லையா என்பதல்ல. யாராவது உங்களிடம் "உடைக்கு மேலேதானே" என்று சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

வேண்டுமென்றே செய்ததா?

சிக்கலான கேள்வி இதுதான். தவறிப் பட்டது குற்றமாகாது. ஆனால் நினைத்துச் செய்திருக்க வேண்டும் என்பதற்கு, உங்களைக் காயப்படுத்த நினைத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. தொடுவதை நினைத்துத்தான் செய்தார், அது உங்களுக்குக் கெடுதலோ பயமோ எரிச்சலோ உண்டாக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அது போதும். எரிச்சல் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. "விளையாட்டாகத்தான் செய்தேன்" என்பது அதனால் தானாகவே தப்பிக்கும் வழியாகிவிடாது.

மனதில் இருந்ததை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். யாரும் பார்க்க முடியாது, செயலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நெரிசலான வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டால் எல்லோரும் ஒரே திசையில் சாய்வார்கள், தோளோ முதுகோ முழங்கையோ படும், வண்டி நிலைக்கு வந்ததும் விலகிவிடும். உள்ளங்கை அப்படி வருவதில்லை. வண்டி ஆடாதபோதும் அது அங்கேயே இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு அடி தள்ளி நின்று பாருங்கள், அல்லது பையை நடுவில் வையுங்கள். தற்செயலாகப் பட்ட கை பின்னாலேயே வராது. மறுபடி அதே இடத்துக்கு வந்தால், அந்த இரண்டாவது முறைதான் உங்கள் ஆதாரம். "நான் நகர்ந்தேன், கை மறுபடியும் வந்தது" என்ற ஒரு வரி, "அவர் பார்வையே சரியில்லை" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிடப் பலமானது.

சம்மதம் இருந்ததா?

சம்மதத்தை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. முடிதிருத்துபவர் தலையைத் தொடுகிறார், கபடி ஆடுபவர் காலைப் பிடிக்கிறார், நண்பர் முதுகில் தட்டுகிறார். அதெல்லாம் புரிந்துகொள்ளப்பட்ட சம்மதம். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. கபடிக்குச் சம்மதித்தவர் ஆட்டம் முடிந்த பிறகு உதை வாங்கச் சம்மதிக்கவில்லை. பல் பிடுங்கச் சம்மதித்தவர் மயக்கத்தில் வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை.

பயத்தில் சொன்ன சரி, சரி ஆகாது. ஏமாற்றி வாங்கியதும், போதையில் என்ன நடக்கிறதென்றே புரியாத நிலையில் வாங்கியதும் அப்படித்தான். இந்தியச் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, பழைய எண் 90, புதிய எண் 28. பாலியல் சார்ந்த தொடுதலுக்குப் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் இந்தியாவில் செல்லவே செல்லாது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1999-ல் ஒரு படி மேலே போய், பாலியல் தாக்குதல் வழக்கில் 'மறைமுகச் சம்மதம்' என்ற வாதத்துக்கே இடமில்லை என்றது. அந்தப் பெண் எதிர்க்கவில்லையே, எழுந்து போகவில்லையே என்பதெல்லாம் சம்மதமாகாது.

இன்னொன்று. சம்மதத்தைப் பாதியில் திரும்பப் பெறலாம். விடு என்று சொன்ன நொடியிலிருந்து பிடித்திருக்கும் கை வேறு கை. என் தோழியின் விஷயத்தில், முதல் இரண்டு நொடி ஏதோ அவசரத்தில் பிடித்தார் என்று வாதாட இடமிருக்கலாம். அவள் விடுங்கள் என்று சொன்ன பிறகும் பிடித்திருந்தாரே, அதற்கு என்ன சொல்ல முடியும்?

அன்றாட வாழ்க்கையில் எல்லோரும் பொறுத்துக்கொள்கிற தொடுதலா?

1704-லேயே இங்கிலாந்துத் தலைமை நீதிபதி ஹோல்ட், கோபத்தில் ஒருவரை லேசாகத் தொட்டாலும் அது பேட்டரி என்றார். அதே தீர்ப்பில், குறுகலான வழியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்து, கெட்ட எண்ணமில்லாமல் மெதுவாக உரசிக்கொண்டால் அது குற்றமில்லை என்றும் சொன்னார். 1984-ல் இன்னொரு வழக்கு. ஒரு பெண்ணைக் கைது செய்யாமலேயே பெண் போலீஸ் ஒருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார், அந்தப் பெண் கீறிவிட்டார். நீதிபதி கோஃப் பிரித்துச் சொன்னார்: கடைத்தெரு நெரிசலில் இடிபடுவதும், கவனத்தைத் திருப்பத் தோளைத் தட்டுவதும் வாழ்க்கையின் பகுதி, பிடித்து நிறுத்தி வைப்பது அப்படியல்ல, போலீஸாக இருந்தாலும் சரி. கீறிய பெண்ணின் தண்டனை ரத்தானது.

இந்தியச் சட்டத்திலும், சாதாரண அறிவும் பொறுமையும் உள்ள யாரும் புகார் சொல்ல மாட்டார்கள் எனும் அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்று ஒரு பிரிவு உண்டு. அன்று 95, இன்று 33. இதை எதிர்த் தரப்பு கட்டாயம் எடுக்கும், தயாராக இருங்கள். பதிலும் கையில் இருக்கிறது. 1988-ல் ஒரு விருந்தில் பஞ்சாப் காவல் துறைத் தலைவர், ரூபன் தியோல் பஜாஜ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பின்புறத்தில் தட்டினார். காயம் இல்லை, நடந்தது ஒரு நொடியில். அற்பமானது என்று சொல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தூக்கி எறிந்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம், பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் செயலை அற்பமானது என்று சொல்லவே முடியாது என்று வழக்கை மீட்டெடுத்தது, பிறகு அந்தக் காவல் துறைத் தலைவர் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்கு எதிராக அந்த அம்மா ஆண்டுக்கணக்கில் நின்றார். அந்த ஒரு நொடித் தட்டலை அற்பம் என்று யாரும் இனி சொல்ல முடியாதபடி செய்தவர் அவர்தான்.

தொடாமலே நடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். முஷ்டியை மடக்கி முகத்துக்கு நேரே ஆட்டுவது, கம்பைக் கையில் எடுத்து "இப்போ வாங்கப்போற" என்பது, கடிக்கிற நாயின் வாய்க்கட்டை அவிழ்க்க ஆரம்பிப்பது, இவையெல்லாம் 351-ன் கீழேயே உதாரணங்களாக இருக்கின்றன. வெறும் வார்த்தை மட்டும் இங்கே போதாது, சைகையும் வேண்டும். ஆனால் அந்த வார்த்தை சைகைக்குப் பொருள் கொடுக்கும், ஆகவே இரண்டையும் எழுத வேண்டும். இங்கிலாந்தில் இதைவிடத் தூரம் போய்விட்டார்கள்: திரும்பத் திரும்பப் போன் செய்து பேசாமல் இருப்பதும் அசால்ட் ஆகலாம் என்று 1997-ல் அங்கே தீர்ப்பானது.

குற்றமாகாத பிடிகளும் உண்டு. வண்டி வருவதைப் பார்த்து இழுத்துவிடுவது, சட்டப்படி கைது செய்வது, உங்களைத் தாக்க வருபவரைத் தள்ளிவிடுவது. கடைசியாகச் சொன்னது உங்களுக்கே முக்கியம். பிடித்த கையை உதறித் தள்ளியதற்காக யாரும் உங்கள் மேல் பழி போட முடியாது, தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. அவர் விட்டுவிட்டுப் போன பிறகு துரத்திப் போய் அடித்தால் மட்டும் அது தற்காப்பு இல்லை.

எந்தப் பிரிவு பொருந்தும்? இந்தியாவில் புதிய சட்டத்தின் எண்களைச் சொல்கிறேன். சாதாரணமாகக் கை ஓங்கினால், கை வைத்தால் 131. மூன்று மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வலி உண்டானால் 115, ஓர் ஆண்டு வரை போகும். வலி என்றால் வலிதான், தழும்பு வேண்டும் என்பதில்லை. பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கம் இருந்தால் 74, குறைந்தது ஓர் ஆண்டு, ஐந்து ஆண்டு வரை. இந்த 74 பெண்களுக்கு மட்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதற்குச் சமமான 354 யாருக்கு நடந்தாலும் பொருந்தும். இந்தியாவில் ஓர் ஆணுக்கு இது நடந்தால் 131-ம் 115-ம் அவருக்கும் உண்டு. ஆண்கள் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள், அதனாலேயே சொல்கிறேன்.

இனி புகார் எழுதுவது. என் தோழி முதலில் எழுதியது இது: "மேலதிகாரி என்னிடம் தவறாக நடந்துகொண்டார்." இதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. கத்தினாரா, முறைத்தாரா, தொட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து மாற்றினோம். கடைசியில் வந்தது இப்படி: "நான் நாற்காலியிலிருந்து எழுந்து கதவை நோக்கித் திரும்பினேன். அவர் மேசையைச் சுற்றி வந்து தன் வலது கையால் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். 'நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ போக முடியாது' என்றார். 'கையை விடுங்கள்' என்று நான் இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன். அதன் பிறகே விட்டார்." ஒரு அடைமொழி கிடையாது. யார், எந்தக் கை, எந்த இடம், என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், அதன் பிறகு என்ன ஆனது. மேலே பார்த்த நான்கு கேள்விகளுக்கும் அந்த ஐந்தாறு வரிகளிலேயே பதில் இருப்பதைப் பாருங்கள்.

நடந்த அன்றே எழுதிவிடுங்கள், போனிலாவது. நேரம் போட்டு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டால் பிற்பாடு தேதியைப் பற்றிச் சண்டை வராது. உடனே யாரிடம் அழுதீர்களோ, யாரிடம் சொன்னீர்களோ அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், நேரில் பார்க்காதவரும் சாட்சியாக உதவுவார். கேமரா இருந்தால் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பல இடங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். துணி கிழிந்திருந்தால் துவைக்காதீர்கள். வலி இருந்தால் தடம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போய் எப்படி வந்தது என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

தெரியாத இடத்தை நிரப்பாதீர்கள். எத்தனை நொடி என்று தெரியாவிட்டால் "சில நொடிகள்" என்றே இருக்கட்டும். பலம் சேர்ப்பதாக நினைத்துக் கூட்டிச் சொன்ன ஒரு வரி, உண்மையான பத்து வரிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இந்தியாவில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. 131-ம் 115-ன் சாதாரண வடிவமும் போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றங்கள் அல்ல, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். "இதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், புகாரை வாங்கிப் பதிவு செய்தே ஆக வேண்டும், மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். நீங்கள் நேரடியாகவும் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். 74 அப்படியல்ல, அதில் போலீஸ் உடனே வழக்குப் பதிவு செய்ய வேண்டும். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைக்கழிக்கவும் முடியாது, எங்கே கொடுத்தாலும் வாங்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணுக்குப் பாலியல் ரீதியாக நடந்திருந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிறுவனத்தின் உள்ளகக் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். குழுவும் போலீஸும் தனித்தனி வழிகள், இரண்டிலும் போகலாம்.

131-க்கும் 115-ன் சாதாரண வடிவத்துக்கும் காலக்கெடு ஓர் ஆண்டு. அதற்குப் பிறகு, தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் தவிர, நீதிமன்றம் அதை எடுக்காது. என் தோழி புகாரைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் யோசித்தாள். அது அவள் எடுத்துக்கொண்ட நேரம், அதில் எந்தத் தவறும் இல்லை. எழுதி வைத்திருந்ததால், கொடுக்கத் தீர்மானித்த அன்று அவளுக்கு ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.